வரி மிச்சமாகணும்... பணம் மிச்சமாகக் கூடாது!

மார்ச் மாதம் வந்தால் நம் வீடுகளில் ஒரு தேடுதல் வேட்டை நடக்குமே, ஞாபகம் இருக்கிறதா? பீரோ இடுக்கு, சாமி அலமாரி, பழைய டைரி என்று எங்கெங்கோ செருகி வைத்த மருந்துக்கடை பில்களை எல்லாம் தேடி எடுத்து, கூட்டிப் பார்த்து, ஆபீஸுக்கு எடுத்துப் போவார் வீட்டுக்காரர். வருடத்துக்கு 15,000 ரூபாய் வரை மெடிக்கல் பில் கொடுத்தால் அந்தத் தொகைக்கு வரி கிடையாது. 2018-ல் அந்தச் சலுகையை எடுத்துவிட்டு, எல்லோருக்கும் பொதுவாக 'ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன்' கொடுத்தார்கள். பில் தேடும் படலமும் முடிந்தது.

நமக்கு முடிந்தது. அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு முடியவில்லை!

அங்கே பல கம்பெனிகளில், வருடக் கடைசி நெருங்கும்போது ஒரு கேள்வி வரும். "அடுத்த வருடம் உங்கள் குடும்பத்துக்கு மருத்துவச் செலவு எவ்வளவு ஆகும்? இப்போதே சொல்லிவிடுங்கள். அந்தத் தொகையை வரி பிடிக்காமல் சம்பளத்திலிருந்து தனியாக எடுத்து வைக்கிறோம்."

கேட்க இனிக்கிறது, இல்லையா? ஆனால், ஒரு பெரிய வித்தியாசம். நம் ஊரில் பில் கொடுக்காவிட்டால் வரி பிடிப்பார்கள், அவ்வளவுதான். மீதிப் பணம் நம் கையில் இருக்கும். அங்கே எடுத்து வைத்த பணத்தைச் செலவழிக்காவிட்டால் பணமே போய்விடும்!

"அப்படின்னா அதுல சேரலாமா, வேண்டாமா?"

இந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை. உங்கள் மகனோ மகளோ அங்கே இருந்தால், ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது படித்துக் காட்டுங்கள். நீங்களே அங்கே இருந்தால், ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். இனி அங்கே சம்பளம் வாங்குகிறவரிடமே நேராகப் பேசுவோம்.

அது என்ன கணக்கு?

இதன் பெயர் 'ஃப்ளெக்ஸிபிள் ஸ்பெண்டிங் அக்கவுன்ட்'. சுருக்கமாக எஃப்.எஸ்.ஏ. 1978-ல் அமெரிக்க வரிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 125-வது பிரிவில் பிறந்த ஏற்பாடு இது. இதில் எவ்வளவு போடலாம் என்பதற்கு ஆரம்பத்தில் அரசாங்க உச்சவரம்பு கிடையாது. 2013-ல்தான் 2,500 டாலர் என்று வரம்பு போட்டார்கள். விலைவாசியோடு அது கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, 2025-ல் 3,300 ஆனது. 2026-க்கு 3,400 டாலர். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்களாக இருந்து, இரண்டு கம்பெனியிலும் இந்த வசதி இருந்தால், ஆளுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் சொல்கிற தொகையைச் சம்பளத்துக்குச் சம்பளம் சமமாகப் பிரித்துப் பிடிப்பார்கள். டாக்டரிடம் போனால் அதற்கென்று தரும் கார்டில் கட்டலாம். அல்லது கைக்காசைக் கட்டிவிட்டு, பில்லை அனுப்பித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

லாபம் எவ்வளவு?

இந்தப் பணத்துக்கு மத்திய வருமான வரி கிடையாது. சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் என்று இரண்டுக்கும் சேர்த்துப் பிடிக்கும் 7.65 சதவீதமும் கிடையாது. நீங்கள் 22 சதவீத வரி அடுக்கில் இருந்தால், இரண்டும் சேர்ந்து 29.65 சதவீதம். அதாவது 1,000 டாலர் மருத்துவச் செலவு செய்தால் ஏறக்குறைய 296 டாலர் மிச்சம். 12 சதவீத அடுக்கு என்றால் 196 டாலர்.

மாநில வருமான வரி இருக்கும் இடங்களில் பெரும்பாலும் அதுவும் மிச்சமாகும். ஆனால் நம்மவர்கள் நிறையப் பேர் வசிக்கும் நியூஜெர்சியில் அந்த மாநில வரிச் சலுகை இல்லை. டெக்சாஸில் மாநில வருமான வரியே இல்லை என்பதால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

படித்து முடித்து மாணவர் விசாவிலேயே வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. முதல் ஐந்து வருடம் பொதுவாக உங்களுக்கு அந்த 7.65 சதவீதப் பிடித்தமே கிடையாது. அதனால் வருமான வரி மட்டும்தான் மிச்சமாகும். பக்கத்து சீட்டுக்காரர் சொல்லும் லாபம் உங்களுக்கு அப்படியே வராது.

எதற்கெல்லாம் எடுக்கலாம்?

இன்ஷூரன்ஸ் இருந்தாலும் அங்கே நம் கையிலிருந்து போகும் செலவுகள் ஏராளம் என்பது உங்களுக்கே தெரியும். டாக்டரைப் பார்க்கும்போதெல்லாம் கட்டும் கோ-பே, இன்ஷூரன்ஸ் கை கொடுப்பதற்கு முன் நாமே கட்ட வேண்டிய டிடக்டிபிள், மாத்திரைக்கு நம் பங்கு... இவை எல்லாம் சரி. பல் அடைப்பது, வேர் சிகிச்சை, பல்லுக்கு கிளிப் போடுவது, மூக்குக்கண்ணாடி, கான்டாக்ட் லென்ஸ் ஆகியவையும் சரி. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, சர்க்கரை பார்க்கும் மெஷினும் அதன் ஸ்ட்ரிப்பும் சரி.

2020-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு, டாக்டர் சீட்டு இல்லாமலே காய்ச்சல் மாத்திரை, அலர்ஜி மாத்திரை, சானிட்டரி நாப்கின் போன்றவற்றையும் இந்தக் கணக்கில் வாங்கலாம்.

ஆகாதவை: இன்ஷூரன்ஸ் பிரீமியம், பல்லை வெள்ளையாக்குவது, ஜிம் சந்தா, 'உடம்புக்கு நல்லது' என்று சும்மா சாப்பிடும் வைட்டமின்கள்.

உங்களுக்கு, உங்கள் கணவருக்கு அல்லது மனைவிக்கு, அந்த வருடக் கடைசியில் 27 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு... இவர்கள் செலவுக்கெல்லாம் எடுக்கலாம். மனைவி வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாலும் தடையில்லை.

எங்கே இடிக்கிறது?

வருட முடிவில் மிச்சமிருந்தால் பணம் உங்களுக்கு இல்லை. கம்பெனியின் திட்டத்துக்குப் போய்விடும். இதுதான் அடிப்படை விதி.

இதில் இரண்டு சலுகைகள் உண்டு. மிச்சத்தில் ஒரு பகுதியை அடுத்த வருடத்துக்கு எடுத்துப் போகலாம். 2026-லிருந்து அடுத்த வருடத்துக்கு அதிகபட்சம் 680 டாலர். அல்லது, வருடம் முடிந்த பிறகும் செலவு செய்ய இரண்டரை மாதம் அவகாசம். ஆனால் கவனியுங்கள்! இந்த இரண்டில் ஏதாவது ஒன்றைத்தான் கம்பெனி தரலாம். இரண்டுமே தராமலும் இருக்கலாம். உங்கள் கம்பெனியில் எது என்று எச்.ஆரிடம் கேட்காமல் படிவத்தில் எண்ணை எழுதாதீர்கள்.

எழுதிய எண்ணை நடுவில் மாற்றவும் முடியாது. கல்யாணம், குழந்தை பிறப்பு, விவாகரத்து போன்ற பெரிய மாற்றங்கள் வந்தால்தான் அதற்கு இடமுண்டு.

பேனாவை எடுங்கள்!

போன வருடத்து மருத்துவ பில்களை எல்லாம் மேஜையில் பரப்புங்கள். இரண்டு பத்தி போடுங்கள். ஒன்று 'நிச்சயம்', இன்னொன்று 'வந்தாலும் வரலாம்'.

உதாரணத்துக்கு ஒரு வீட்டைப் பார்ப்போம். கணவருக்குச் சர்க்கரை. டாக்டர், ரத்தப் பரிசோதனை, மாதா மாத மாத்திரை எல்லாவற்றிலும் அவர் பங்கு வருடத்துக்கு 400 டாலர். மனைவிக்குக் கண்ணாடியும் லென்ஸும் 350. "இந்தப் பல்லுக்குத் தொப்பி போட்டே ஆகணும்" என்று டென்டிஸ்ட் சொல்லிவிட்டார், அதில் அவர்கள் பங்கு 450. காய்ச்சல் மருந்து, நாப்கின் என்று சில்லறைச் செலவு 100. ஆக மொத்தம் 1,300 டாலர். இது 'நிச்சயம்'.

பையன் கீழே விழுந்து கையை உடைத்துக்கொண்டால்? திடீரென்று ஸ்கேன் எடுக்கச் சொன்னால்? இவை 'வந்தாலும் வரலாம்'. இந்தப் பத்தியைக் கூட்டவே வேண்டாம். படிவத்தில் எழுத வேண்டியது முதல் பத்தியின் 1,300 மட்டும்.

வருடத்துக்கு 26 சம்பளம் என்றால், ஒரு சம்பளத்துக்கு 50 டாலர் பிடிப்பு. வரி குறைவதால் கையில் குறைவது 35 டாலர்தான். வருட முடிவில் மிச்சம் ஏறக்குறைய 385 டாலர். எப்படியும் செய்யப்போகும் செலவுக்குக் கிடைக்கும் தள்ளுபடி இது. விட்டுவிட மனம் வருமா?

பேராசைப்பட்டால்...

"என்னங்க, 3,400 வரைக்கும் போடலாமாமே? முழுசா போட்டா ஆயிரம் டாலர் வரி மிச்சம்!"

இப்படிச் சொல்லி அதே வீட்டில் 3,400 எழுதினார்கள் என்று வைத்துக்கொள்வோம். வரி மிச்சம் 1,008 டாலர். ஆகவே கையிலிருந்து நிஜமாகப் போனது 2,392. வருடத்தில் செலவானதோ வழக்கம்போல் 1,300. அடுத்த வருடத்துக்கு எடுத்துப் போக 680 அனுமதி இருந்தாலும், திரும்ப வந்தது 1,980-தான். 412 டாலர் நஷ்டம்! வரியை மிச்சப்படுத்தப் போய் முதலையே இழந்த கதை.

இதிலிருந்து ஒரு சூத்திரம் கிடைக்கிறது. உங்கள் வரி சதவீதம் சுமார் 30 என்றால், போட்டதில் 70 சதவீதத்தைச் செலவழித்தாலே கைக்கு நஷ்டமில்லை. 12 சதவீத அடுக்குக்காரர் 80 சதவீதத்தைச் செலவழித்தாக வேண்டும். எனவே, டிசம்பரில் ஐம்பது, நூறு டாலர் மிஞ்சினால் பதறாதீர்கள். அதற்காகத் தேவையில்லாத மருந்தும் களிம்பும் வாங்கி அலமாரியை நிரப்பாதீர்கள். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த பல் சுத்தம், கண் பரிசோதனை இருந்தால் அதை முடித்துவிடுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் வருடம் ஒருமுறை விழித்திரையைக் காட்டிப் பார்ப்பது அவசியம். காசை நினைத்து எத்தனை பேர் அதைத் தள்ளிப்போடுகிறோம்! ஏற்கெனவே எடுத்து வைத்த பணம் இருந்தால், அந்தத் தயக்கமாவது குறையும்.

பலருக்குத் தெரியாத ஒரு நல்ல விஷயம்

வருடத்துக்கு 1,300 என்று எழுதிவிட்டீர்கள். ஜனவரி 20-ம் தேதி பல்லுக்குப் பெரிய வேலை வந்துவிட்டது. அதுவரை பிடித்தது 50 டாலர்தான். ஆனால் முழு 1,300 டாலரையும் அன்றே எடுக்கலாம்! முதல் நாளிலிருந்தே முழுத் தொகையும் உங்களுக்கு உரியது என்பது சட்டம். வட்டியில்லாக் கடன் மாதிரி. வருட ஆரம்பத்தில் பிரசவமோ, ஆபரேஷனோ இருப்பது முன்கூட்டியே தெரிந்தவர்களுக்கு இது பெரிய உதவி.

வேலை போனால்?

விசாவில் இருப்பவர்கள் தூக்கத்தில்கூட நினைக்கிற விஷயம் இது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவோம்.

மார்ச்சில் வேலை போகிறது. அதுவரை பிடித்தது 300 டாலர், நீங்கள் எடுத்துச் செலவழித்தது 1,300 என்றால், மீதி 1,000 டாலரைத் திருப்பித் தர வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறாக... செப்டம்பரில் வேலை போகிறது. அதுவரை பிடித்தது 900, செலவழித்தது 100. மீதி 800 டாலர்? திட்டத்தில் நீங்கள் இருந்த கடைசி நாள் வரை செய்துகொண்ட சிகிச்சைக்கு மட்டும் பில் கொடுத்து வாங்கலாம். அதற்குப் பிறகு போகும் டாக்டருக்குக் கிடையாது. 'கோப்ரா' என்ற ஏற்பாட்டில் கைப்பணம் கட்டிக் கணக்கைத் தொடர வழி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் பணம் போனதுதான்.

எனவே, கம்பெனியில் ஆட்குறைப்புப் பேச்சு காதில் விழுந்தால், கண்ணாடி, பல், பாக்கியிருக்கும் பரிசோதனை எல்லாவற்றையும் உடனே முடியுங்கள். பழைய பில்களை அனுப்பக் கெடு எந்தத் தேதி என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் வேலை மாறும் எண்ணம் இருந்தால், எழுதும் எண்ணையே குறைத்து எழுதுங்கள்.

"அம்மா, உன் கண் ஆபரேஷன் பில்லை அனுப்பும்மா!"

பாசமுள்ள பிள்ளை இப்படிக் கேட்கத்தான் கேட்பான். ஆனால், மதுரையிலோ மாயவரத்திலோ இருக்கும் அப்பா, அம்மாவின் செலவுக்கு இந்தப் பணத்தை எடுக்க முடியாது. மாதா மாதம் நீங்கள்தான் பணம் அனுப்பி அவர்களைக் காப்பாற்றுகிறீர்கள் என்றாலும் முடியாது. பெற்றோரை இந்தக் கணக்கில் சேர்க்க, அவர்கள் அமெரிக்கக் குடிமக்களாகவோ, வரிச் சட்டப்படி அங்கே குடியிருப்பவர்களாகவோ இருந்து, அவர்கள் செலவில் பாதிக்கு மேல் நீங்கள் ஏற்க வேண்டும். (கனடா, மெக்ஸிகோவில் குடியிருப்பவர்களுக்கு விதிவிலக்கு உண்டு. இந்தியாவுக்கு இல்லை.) கிரீன் கார்டு வாங்கி உங்களோடு இருக்கும் அம்மாவுக்கு வழி உண்டு. சில மாதம் பேரக்குழந்தையைப் பார்த்துவிட்டுப் போக வரும் அம்மாவுக்குப் பொதுவாகக் கிடையாது. இந்தப் பத்தி தெரியாமல், பெற்றோர் செலவையும் கூட்டி எண்ணை எழுதிவிட்டுப் பிறகு கையைப் பிசையாதீர்கள்.

அதே சமயம், நீங்கள் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது உங்களுக்குச் சென்னையில் பல் வைத்தியம் செய்துகொண்டாலோ, கண்ணாடி வாங்கினாலோ, அந்தச் செலவை எடுக்கலாம். யாருக்கு, எந்தத் தேதியில், என்ன சிகிச்சை, எவ்வளவு என்று நாலும் தெளிவாக இருக்கும் பில் வேண்டும். துண்டுச் சீட்டு உதவாது. ஆனால் இங்கிருந்து பெட்டியில் வைத்து எடுத்துப் போகும் மாத்திரைகளுக்குப் பொதுவாகக் கிடைக்காது. விமான டிக்கெட்டையும் இதில் சேர்க்க நினைக்காதீர்கள்!

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

அதே படிவத்தில் 'டிபென்டென்ட் கேர்' என்று இன்னொரு எஃப்.எஸ்.ஏ. இருக்கும். 'குடும்பத்தாரின் வைத்தியச் செலவு போலிருக்கிறது' என்று அதில் பணத்தை எழுதிவிடாதீர்கள். அது, நீங்கள் வேலைக்குப் போகும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் காப்பகச் செலவுக்கு. அதிலிருந்து டாக்டர் பில் கட்ட முடியாது. அந்தப் பணத்தை இந்தப் பக்கம் மாற்றவும் முடியாது.

இன்னொன்று ஹெச்.எஸ்.ஏ. என்ற சேமிப்புக் கணக்கு. டிடக்டிபிள் அதிகமாக உள்ள இன்ஷூரன்ஸ் எடுத்தவர்களுக்கானது. இதில் போடும் பணம் வருடம் முடிந்தாலும், வேலை மாறினாலும், ஊருக்கே திரும்பி வந்தாலும் உங்களுடையதுதான். உங்களுக்கு அது கிடைக்குமானால் முதலில் அதைப் பாருங்கள். ஆனால் சாதாரண எஃப்.எஸ்.ஏ. வைத்திருப்பவர் ஹெச்.எஸ்.ஏ.வில் பணம் போடக் கூடாது. கணவர் பெயரில் எஃப்.எஸ்.ஏ. இருந்தால், வேறு கம்பெனியில் இருக்கும் மனைவியும் ஹெச்.எஸ்.ஏ.வில் போட முடியாமல் போகும்! இருவரும் தனித்தனியே படிவத்தை நிரப்பாமல், சாப்பாட்டு மேஜையில் சேர்ந்து உட்கார்ந்து நிரப்புவது நல்லது. பல், கண் செலவுக்கு மட்டும் என்று ஒரு வகை எஃப்.எஸ்.ஏ. உண்டு. அது ஹெச்.எஸ்.ஏ.வோடு சண்டை போடாது.

முடிவாக... சேரலாமா?

மாதா மாதம் மாத்திரை வாங்கும் வீடு, கண்ணாடி போடும் வீடு, பிள்ளைக்குப் பல் கிளிப் போட நாள் குறித்த வீடு, பிரசவம் எதிர்பார்க்கும் வீடு... தயங்காமல் சேருங்கள்.

வருடத்துக்கு ஒரு தடவைகூட டாக்டரைப் பார்க்காத தனிக்கட்டை இளைஞரா? ஹெச்.எஸ்.ஏ. வைத்திருப்பவரா? இரண்டு மாதத்தில் வேலை மாறப் போகிறவரா? எஃப்.எஸ்.ஏ. வேண்டாம். அல்லது கண்ணாடிக்கு மட்டும் ஒரு சின்னத் தொகை எழுதினால் போதும் (ஹெச்.எஸ்.ஏ. இருந்தால், பல், கண் செலவுக்கு மட்டுமான வகையில்தான்).

சேர்ந்தவர்கள் ஒவ்வொரு பில்லையும் பத்திரப்படுத்துங்கள். கார்டில்தானே கட்டினோம் என்று இருந்துவிடாதீர்கள். பிறகு கணக்குக் கேட்பார்கள். பில் காட்டாவிட்டால் கார்டு நின்றுவிடும். ஒரு பழைய பிஸ்கட் டப்பா போதும். மாதம் ஒரு நாள் கூட்டிப் பாருங்கள். அக்டோபரிலேயே மீதி எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் டிசம்பரில் ஓட வேண்டியதில்லை.

நம் பாட்டிமார்கள் அஞ்சறைப் பெட்டியில் ஆத்திர அவசரத்துக்கென்று காசு போட்டு வைப்பார்கள். இதுவும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரே வித்தியாசம், பாட்டியின் பெட்டியில் மிஞ்சினால் தீபாவளிக்கு ஆகும். இந்தப் பெட்டியில் மிஞ்சினால் அடுத்தவருக்கு! ஆகவே, தெரிந்த செலவுக்கு மட்டும் போடுங்கள். தெரியாத செலவுக்குப் பேங்க்கில் சேமியுங்கள்.